மீனாளுக்கு, பார்சலோடு

காரைக்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனாள்,

பார்சல் நேற்று அனுப்பினேன். மனகோலமும் சீப்புச்சீடையும் ஆத்தா வைத்தது. அடியில் இருக்கிற மூன்று புத்தகம் நான் வைத்தது. மூன்று வாரமாக நீ பேசவில்லை, வேலை இருக்கும். உன் அலுவலகத்தைப் பற்றி எதுவும் கேட்கப்போவதில்லை, புத்தகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தடிப் புத்தகம், 2004-இல் வந்த அமெரிக்காவின் செப்டம்பர் 11 தாக்குதல் விசாரணைக்குழு அறிக்கை. முதல் பக்கத்திலிருந்து தொடங்காதே. எட்டாம் அத்தியாயம் படி, பிறகு பதினொன்று. 2001 ஜூலையில் பீனிக்ஸ் நகரத்து எஃப்.பி.ஐ. புலனாய்வு அதிகாரி ஒருவர் தலைமையகத்துக்குக் குறிப்பு எழுதுகிறார். விமானம் ஓட்டக் கற்க வருகிற சிலர் மீது சந்தேகம், பயிற்சிப் பள்ளிகளைப் பட்டியலிடுங்கள் என்கிறார். யாருக்கு எழுதினாரோ அந்த மேலாளர்கள் செப்டம்பர் 11 முடிந்த பிறகுதான் அதைப் பார்த்தார்கள். ஆனால் எழுதியவர் தேதி போட்டு எழுதியிருந்தார். அதைக் கவனி.

எந்த அறிக்கையானாலும் ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்: யாருக்குத் தெரிந்தது, எந்தத் தேதியில், யாரிடம் சொன்னார். ‘தெரிவிக்கப்பட்டது’ என்று மொட்டையாக வருகிற இடத்தைப் பென்சிலால் சுழி. அங்கே ஒரு பெயர் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது கார்கில் ஆய்வுக்குழு அறிக்கை. நம் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் எழுதியது, 2000-இல் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். பாதுகாப்பு என்று சொல்லிச் சில பகுதிகளை நீக்கித்தான் வெளியிட்டார்கள். எந்தத் தலைப்புக்குக் கீழே வெட்டு விழுந்தது என்பதையும் சேர்த்துப் படி.

பார்சலில் இல்லாத ஒன்றை நீயே இறக்கிக்கொள். அமெரிக்க அரசுப் பணியாளர் துறையிலிருந்து 2.15 கோடிப் பேரின் விவரம் களவு போனது 2015-இல் வெளியே தெரிந்தது, அதில் 56 லட்சம் பேரின் கைரேகையும். கடவுச்சொல் போனால் மாற்றலாம். விரலை எங்கே மாற்றுவது? ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கணக்கும் கடவுச்சொல்லும் திருடர்கள் கையில் இருந்தது, அதை வைத்தே உள்ளே வந்துவிட்டார்கள். அங்கீகாரம் இல்லாமல் ஓடும் கணினி அமைப்புகளை நிறுத்துவது பற்றி யோசியுங்கள் என்று அந்தத் துறையின் தணிக்கையாளர்கள் 2014 நவம்பரிலேயே எழுதிவிட்டார்கள். 2016-இல் வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கையில் நாள்வாரியாக இருக்கிறது. உன் படிப்புக்கு அது என்னைவிட உனக்கு நன்றாகப் புரியும். நம் வளவில் இதையெல்லாம் படித்தவள் நீ ஒருத்திதான்.

மூன்றாவது நாவல், கிரஹாம் கிரீன் 1958-இல் எழுதிய ‘அவர் மேன் இன் ஹவானா’. வாக்யூம் கிளீனர் விற்கிறவன் அதன் பாகங்களை வரைந்து ரகசிய ஆயுதம் என்று அனுப்புகிறான், லண்டன் உளவுத்துறை நம்புகிறது. குட்டு வெளிப்பட்டதும் அவனுக்குத் தண்டனை இல்லை, விருது. தண்டித்தால் நம்பியவர்களின் மானம் போகுமே. அறிக்கையில் இது அகப்படாது, நையாண்டியில்தான் அகப்படும். சோவின் ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தில் கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. 1968-இல் எழுதியது, இன்றைக்கும் பழசாகவில்லை.

படிக்கிறாயோ இல்லையோ, ஒன்று செய். கண்ணில் பட்ட ஓட்டையை மேலே இருப்பவருக்கு எழுத்தில் தெரிவி, தேதியோடு. பதில் வராவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி எழுது, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு. அலுவலகத் தாள் எதையும் வீட்டுக்கு எடுத்து வராதே. வாய்வார்த்தை நிற்காது. எழுதி வை. ஐயாவின் ரங்கூன் பேரேடு இன்றைக்கும் பேசுகிறதே.

ஒரு போன்கூட அடிக்க நேரமில்லாத பெண்ணுக்கு இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முன்னால் நீ ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். ‘நமக்கெதுக்கு, மேலே இருக்கிறவன் பார்த்துக்குவான்’ என்று நான்தான் வாயை அடைத்தேன். பயந்துதான் சொன்னேன், உன் வேலை போய்விடுமோ என்று. அது தப்பு மீனாள். இத்தனை அறிக்கை படித்தவன் பெற்ற பெண்ணிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அன்றைக்குச் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லு. குறுக்கே பேச மாட்டேன்.

அப்பச்சி