பொருந்தாத காதுக் கருவியை விற்று அலைக்கழிப்பது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன் செய்தும் நேரில் வந்தும் அலுத்துப்போன பிறகே இதை எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

செவிநரம்புப் பாதிப்பால் என் வலது காது திடீரென்று கேட்காமல் போனது. ஸ்டீராய்டு மாத்திரை, செவிப்பறை வழியாகப் போடும் ஊசி எல்லாம் முடிந்து, இனி மருந்தால் பயனில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு உங்களிடம் வந்தேன். கேட்கும் திறனைச் சோதித்த அறிக்கையான ஆடியோகிராமை உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் (கேட்புத்திறன் நிபுணரிடம்) கொடுத்தேன். இடது காது இயல்பாக இருக்கிறது, வலது காதில் சொற்களைப் பிரித்தறியும் திறன் மிகக் குறைவு என்று அதில் தெளிவாக இருக்கிறது. அப்படிப்பட்ட காதில் ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், சொல் தெளியாது. இது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தக் காதுக்கே சாதாரணக் கருவியை மாட்டி அனுப்பினீர்கள். போட்டுக்கொண்டால் எதிரில் பேசுபவரின் குரல் கரகரவென்று உடைந்து விழுகிறது; நல்ல காதில் கேட்பதையும் அது குழப்புகிறது. "பழகினால் சரியாகிவிடும்" என்றார்கள். மறுபடி வந்தால் ஒலியை இன்னும் ஏற்றிவிட்டார்கள். செவிக்குழாயில் மெல்லிய குழாயை வைத்து, கருவியின் ஒலி செவிப்பறை அருகே எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கும் சோதனையை ஒருமுறைகூடச் செய்யவில்லை.

எனக்குத் தேவைப்பட்டது கிராஸ் வகைக் கருவி. கேட்காத பக்கத்து ஒலியை மைக்கில் வாங்கி, கம்பியில்லாமல் நல்ல காதுக்கு அனுப்பும் கருவி. உங்கள் கையேட்டிலேயே படத்தோடு இருக்கிறது. உதவி மையத்தில் அதைக் கேட்டேன். "அப்படி எதுவும் எங்களிடம் கிடையாது" என்றார் பேசியவர். கையேட்டில் இருப்பதைச் சொன்னேன். "ஒரு காது நன்றாகத்தானே கேட்கிறது, பிறகென்ன?" என்றார். அவர் வேகமாகப் பேசியதில் ஒரு வரி பிடிபடவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றேன். "எத்தனை தடவை கத்துவது?" என்று அதட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். காது கேளாதவர்களிடம் பேசுவதற்கென்றே நீங்கள் அமர்த்திய ஆள் இவர்! உரையாடல் பதிவாகிறது என்று நீங்களே அறிவிக்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள். அந்தக் குரலை நான் மறக்கப்போவதில்லை.

ஒரு காது போனால் என்ன ஆகும் என்று அவருக்கு யாராவது சொல்லிக்கொடுங்கள். பின்னால் வரும் வண்டி எந்தப் பக்கம் என்று தெரியாது. நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் ஒன்றும் விளங்காது. திசை அறியும் திறனைக் கிராஸ் கருவியும் திருப்பித் தராது, அது எனக்குத் தெரியும். வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் பேசுவதாவது வந்து சேரும் அல்லவா? அதைத்தான் கேட்டேன்.

பிறகு இன்னொரு பணியாளர், கிராஸ் இருக்கிறது, நேரில் வந்து சோதித்துப் பாருங்கள் என்று நேரம் குறித்துக் கொடுத்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். நெடுநேரம் உட்கார வைத்த பிறகு, அதன் ஒலியனுப்பும் பகுதி எனக்கு விற்ற மாடலோடு இணையாது என்றார்கள். உங்கள் கருவி எதனோடு இணையும் என்பது உங்களுக்கே தெரியாதா? மாடலின் பெயரை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டுதானே வரச் சொன்னீர்கள்! கருவியைப் போட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் திருப்பித் தருவதற்கான சோதனைக் காலம் இந்த இழுபறியிலேயே கழிந்துவிட்டது. இப்போது பணம் திரும்பாது என்கிறீர்கள். என் சேமிப்பு, வேலை, நிம்மதி எல்லாம் இதில் பாழாகிவிட்டது.

தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தாருங்கள். அல்லது என் இரு காதுகளையும் முறையாகச் சோதித்து, பொருந்தும் கிராஸ் கருவியைக் கூடுதல் கட்டணமின்றித் தந்து, எனக்குப் பயன்படுகிறதா என்று பார்க்கப் புதிதாகச் சோதனைக் காலமும் கொடுங்கள். என்னிடம் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பதிலையும் எழுத்திலேயே அனுப்புங்கள். சோதனைக் காலம் முடிந்தது என்ற அதே வரி மறுபடி வந்தால், அந்தக் கடிதத்தையும் ஆடியோகிராமையும் ரசீதையும் நுகர்வோர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், ஆடியோகிராம் நகல்