இருக்கம் தீவுப் பக்கம் கயாக்கில் வரும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காரின் மேல் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகைக் கட்டிக்கொண்டு, சனிக்கிழமை விடியுமுன் சென்னையிலிருந்து கிளம்பி, ஆரம்பாக்கம் தாண்டி எங்கள் ஏரிக்கரைக்கு வருகிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் இருக்கத்தில் பிறந்தவள். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவு அது. ஆந்திராவின் தடா மண்டலம். ஆனால் ஊரில் பேச்சு தமிழ். 1953இல் ஆந்திரா தனி மாநிலமானபோது எல்லைக்கோடு ஏரித் தண்ணீரில் விழுந்தது, நாங்கள் அந்தப் பக்கம் ஆனோம். 2022 வரைக்கும் நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். கல்யாணமாகி நான் கரைக்கு வந்துவிட்டேன். நைனாவும் (அப்பா) அண்ணனும் இன்றைக்கும் ஏரியில்தான்.

போன தை மாதம் ஒரு சாயங்காலம் அண்ணி போன் பண்ணினாள். "ரெண்டு சின்னப் புள்ளைங்கள வச்சினு யாரோ சேத்துல மாட்டிக்கினாங்க. உங்க அண்ணனும் மாமாவும் போயிருக்காங்க, நீ சாமி கும்புடு" என்றாள். மாமா என்று அவள் சொன்னது எங்கள் நைனாவை. அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண், அவளைவிடச் சின்னப் பையன். இரண்டு கயாக். நடு ஏரியில் ஒரு மணல்திட்டில் கூடாரம் போட்டு ராத்திரி தங்குவதாகத் திட்டம். காலையில் போகும்போது தண்ணீர் நிறைய இருந்தது. மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் வற்ற ஆரம்பித்தது, காற்றும் ஏறிவிட்டது. கயாக் தரை தட்டியதும் இறங்கி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். சேறு தொடை வரைக்கும் வாங்கும் இடம் அது. சேற்றுக்குள் ஆளிச் சிப்பி பிளேடு மாதிரி நிற்கும்.

அண்ணனும் நைனாவும் தண்ணீர் இருந்த மட்டும் படகில் கழி ஊன்றிப் போய், அப்புறம் இறங்கி நடந்து, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்து சேர எட்டு மணிக்கு மேலாகிவிட்டது. எங்கள் வீட்டுப் பாட்டி, ஆயா, அந்தப் பெண்ணைத் திண்ணையில் உட்காரவைத்து, கிணற்றுத் தண்ணீரில் காலைக் கழுவி, ஊக்கு முனையால் சிப்பித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறாள். ஏழு துண்டு. அது வரைக்கும் குழந்தை அழவில்லையாம். கையில் துடுப்பை இறுக்கிப் பிடித்தபடியே இருந்ததாம், யார் கேட்டும் விடவில்லை. தட்டில் சோறு போட்டுப் பக்கத்தில் வைத்ததும்தான் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டு அழுதிருக்கிறது. அந்த அம்மாவும் கூடவே அழுதாராம். அன்று ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கி, மறுநாள் காலைப் படகில் கரை சேர்ந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துத்தான் இன்னொரு விஷயம் எனக்குத் தெரிந்தது. காலையில் போகும் வழியில் அவர்களின் கயாக் ஒரு வலையில் சிக்கியிருக்கிறது. யாரோ விட்டுப்போன பழைய வலை என்று நினைத்து, அந்த அப்பா கத்தியால் அறுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது அண்ணனின் வலை. அண்ணன் இருட்டில் அவர்களைத் தேடிப் போகும்போதே அறுபட்ட வலையைப் பார்த்துவிட்டார். ஆனாலும் அன்று ராத்திரி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "புள்ளைங்க முன்னாடி அத்த எப்படிக் கேக்கறது" என்று என்னிடம் சொன்னார்.

எங்கள் ஏரியில் கம்பு நட்டுக் கட்டியிருக்கும் எந்த வலையும் விட்டுப்போன வலை இல்லை. பாடு என்று ஒரு முறை இருக்கிறது. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இறால் கிடைக்கும் இடங்களை மீனவ ஊர்கள் தங்களுக்குள் பேசி, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த இடம் இவருக்கு என்று கணக்கு இருக்கும். ஒருவர் முறை வந்த நாளில் அவர் வலை கெட்டுப்போனால், அந்த நாள் போனது போனதுதான். அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். நட்ட கம்புகளைப் பார்த்தால் உங்களுக்கு ஏதோ குச்சிகள் மாதிரித் தெரியும். ஒவ்வொரு கம்புக்கும் ஒரு வீடு இருக்கிறது. கரை ஓரத்தில் இருளர் பெண்கள் வாயில் பறியை (மீன் போடும் கூடை) கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தலை மட்டும்தான் தெரியும். அவர்களுக்கு நடுவே கயாக்கை விட்டு, போட்டோவும் எடுத்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு கொதித்தது.

வராதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஆசை எனக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரின் நண்பர் இரண்டு கயாக் கொடுத்தார். அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பீமுனிவாரிபாளையம் படகுத்துறையிலிருந்து என் பிள்ளைகளை உட்காரவைத்து என் ஊருக்கே துடுப்புப் போட்டுக்கொண்டு போனேன். முன்னால் அண்ணன் படகு போனது. பிள்ளைகளுக்கு அந்த வழி புதிது இல்லை. மோட்டார் படகில், அரிசி மூட்டை மேல் படுத்துத் தூங்கிக்கொண்டு எத்தனையோ தடவை போனவர்கள்தான். அன்றைக்குத்தான் என் மகன் "அம்மா, ஏரி சத்தம் போடுது" என்றான். மடவை மீன் துள்ளி விழும் சத்தம், கயாக்கின் அடியில் தண்ணீர் தட்டும் சத்தம், எங்கேயோ தூரத்தில் பூநாரைக் கூட்டம் பேசிக்கொள்கிற சத்தம். முப்பது வருஷமாக அந்தத் தண்ணீரைக் கடந்தவள் நான், மோட்டார் இரைச்சலில் இதையெல்லாம் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ராத்திரி ஆயா வீட்டுத் தென்னந்தோப்பில் கூடாரம் போட்டோம். வீட்டுக்கும் கூடாரத்துக்கும் நாற்பது அடிகூட இருக்காது. ஆயா மூன்று தடவை டார்ச் அடித்துக்கொண்டு வந்து, "உள்ள வந்து படுங்கடி, பூச்சி பொட்டு இருக்கும்" என்று கூப்பிட்டாள். பிள்ளைகள் மாட்டேன் என்றார்கள். நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பதும் இதைத்தானே?

அதனால்தான் சொல்கிறேன், கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் ஏரியில் பெரும்பாலான இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர். "விழுந்தாலும் நின்றுகொள்ளலாமே" என்று அதை நம்பித்தான் குழந்தைகளோடு வருகிறீர்கள். நிற்க முடியாது, காலடியில் சேறு. தண்ணீர் ஆழமில்லாததாலேயே காற்று அடித்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் மேல் ஒன்றாக எழும்பும். வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம் இந்த ஏரி. வாடைக்காற்று மேலேயிருந்து இறங்கினால் தடுக்க எதுவும் இல்லை. தெற்கே வரவர அலை வளர்ந்துகொண்டே வரும். வெயில் நாட்களில் காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர், மத்தியானம் கடல்காற்று கிளம்பியதும் வேறு ஏரி ஆகிவிடும். பிள்ளைகளோடு துடுப்புப் போட்டால் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போவதே பெரிது, எதிர்க்காற்றில் அதுவும் இல்லை. எங்கள் ஆட்கள் பத்து மணிக்குள் கரை சேரப் பார்ப்பது சோம்பலால் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் கூடுதல். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் வற்றும் நேரத்தில் இழுப்பு கடலைப் பார்த்து ஓடும். அந்தப் பக்கம் பிள்ளைகளோடு போகவே கூடாது.

2011 டிசம்பர் 25 நினைவிருக்கிறதா? கிறிஸ்துமஸ் அன்று குடும்பத்தோடு பழவேற்காட்டுக்கு வந்தவர்கள். படகு கவிழ்ந்து 22 பேர் போய்விட்டார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லை, படகு கொள்ளாத கூட்டம். அன்று ராத்திரி எங்கள் தீவில் ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை. உங்களிடம் நல்ல லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, எனக்குத் தெரியும். பிள்ளைகள் போட்டிருக்கிறார்கள், நீங்கள் கயாக்கின் பின்னால் சொருகி வைக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களும் போடுங்கள். உங்களுக்கு ஒன்று என்றால் அந்தக் கயாக்கைக் குழந்தை ஓட்டிக்கொண்டு வருமா?

அடுத்தது பறவைகள். ஏரி இரண்டு மாநிலத்திலும் பறவைகள் சரணாலயம். வனத்துறையிடம் கேட்காமல் இறங்குவதும் திட்டில் தங்குவதும் தவறு. கயாக்கில் சத்தமில்லை, அதனால் பறவைகளுக்குத் தொந்தரவில்லை என்று நினைக்கிறீர்கள். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. தண்ணீர் மேல் பத்திருபது அடி ஓடித்தான் மேலே எழும்பும். ஒரு கூட்டம் முழுக்க அப்படி ஓடி எழும்புவது பார்க்க அழகுதான். ஆனால் அது பயந்து ஓடுகிற ஓட்டம். தலையைத் தண்ணீரில் கவிழ்த்து நாளெல்லாம் சேற்றை அரித்துச் சேர்த்த தீனி அந்த ஓட்டத்தில் போகிறது. அவை தலையைத் தூக்கி உங்களைப் பார்க்க ஆரம்பித்தாலே நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா கரையில் ஒதுங்கவே கூடாது. 1971இல் முதல் ராக்கெட் போனதிலிருந்து அது காவல் உள்ள இடம். ராக்கெட் விடும் நாளில் எங்கள் ஆட்களுக்கே தொழில் இல்லை.

இப்போது என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். "மனித வாடையே இல்லாத தீவு" என்று ஒரு அம்மா எங்கள் ஏரியைப் பற்றிச் சொன்னது என் காதில் விழுந்தது. ஏரிக்குள் இருக்கும் இன்னொரு தீவான வேநாட்டில் தர்கா இருக்கிறது, இருக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, வாசலில் கோலம் இருக்கிறது. நீங்கள் தனிமை என்று தேடி வரும் அதே தண்ணீரைப் பிரசவ வலியோடு படகில் கடந்தவள் என் அண்ணி. பாலம் வேண்டும் என்று எங்கள் ஊர் எத்தனை காலமாகக் கேட்கிறது தெரியுமா? ராத்திரி காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காற்று அடங்கட்டும் என்று விடியவிடிய உட்கார்ந்திருந்த வீடுகள் அவை. அந்தத் திட்டில் உங்கள் பிள்ளைக்கு ஏதாவது ஆனாலும் நீங்களும் அதே காற்றுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

எனவே வருவதற்கு முன்னால் கரையில் இறங்கி ஒருவரிடமாவது கேளுங்கள். "அண்ணே, இன்னிக்கு காத்து எப்படி, எந்தப் பக்கம் வலை இருக்கு, எத்தனை மணிக்குத் தண்ணி வத்தும்?" இந்த மூன்று கேள்வி போதும். தமிழில் கேட்டாலே பதில் வரும். தங்குவதென்றால் மணல்திட்டு வேண்டாம். ஊரில் கேட்டு யாராவது ஒருவர் தோப்பில் கூடாரம் போடுங்கள். அந்த வீட்டில் சமைத்துத் தரச் சொல்லிப் பணம் கொடுங்கள், கிழங்கான் மீன் குழம்பும் களி நண்டும் வேறெங்கேயும் இந்த ருசியில் கிடைக்காது. குடிதண்ணீர் மட்டும் நீங்களே கேனில் கொண்டுவாருங்கள், தீவில் நல்ல தண்ணீருக்கு எங்களுக்கே கஷ்டம். வலையில் சிக்கினால் கத்தியை எடுக்காதீர்கள். துடுப்பைத் தூக்கி ஆட்டுங்கள். யாராவது வந்து அவிழ்த்துவிடுவார்கள். தெரியாமல் அறுத்துவிட்டால் ஊரில் வந்து சொல்லுங்கள், யாரும் உங்களை அடிக்கப் போவதில்லை.

அந்த எட்டு வயதுப் பெண்ணின் அப்பா அம்மா இதைப் படித்தால், அண்ணன் வலையைச் சரிசெய்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளுங்கள். காசு கேட்டு இதை எழுதவில்லை. உங்கள் பெண்ணின் துடுப்பு எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது. மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள். பேத்தி எடுத்து விளையாடக் கேட்டாலும் ஆயா கொடுப்பதில்லை, "அந்தப் பொண்ணு வந்து கேக்கும்" என்கிறாள். பாப்பாவின் கால் ஆறியதும் அழைத்து வாருங்கள். படகுத்துறையில் காலை ஏழு மணிக்கு இருந்தால் போதும், அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போவார்.

இப்படிக்கு,
இருக்கத்துப் பெண்