மாட் ரூல் வந்தாச்சு, மாப்ளே

லிங்கன், நெப்ராஸ்கா
27 நவம்பர் 2022, ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

இங்க எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு மொட்டை சொன்னான், நிம்மதியாச்சு. மத்த குசலமெல்லாம் கடைசியில. வெள்ளிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பால்ல நம்ம நெப்ராஸ்கா யூனிவர்சிட்டி டீம் அயோவா யூனிவர்சிட்டியை அவங்க ஊர்லயே 24-17ன்னு ஜெயிச்சுது. சனிக்கிழமை புது கோச் பேரை அறிவிச்சுட்டாங்க. மாட் ரூல், 8 வருஷ ஒப்பந்தம். அதுலேர்ந்து உன் மெசேஜ் நிக்கவே இல்ல. ஒவ்வொண்ணுக்கும் பதில் தட்டினா சண்டையிலதான் முடியும், அதனால உட்கார்ந்து நீளமா எழுதறேன். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கத்து.

முதல்ல அயோவா. 2014க்கு அப்புறம் அவங்களை ஜெயிச்சதே இல்லையே! போன வருஷம் 21-6ன்னு முன்னால இருந்துட்டு 28-21ன்னு தோத்தப்ப நீ போன்ல ஒரு வார்த்தை பேசல, மூச்சு மட்டும்தான் கேட்டுது. இந்தத் தடவை 24-0 ஆனப்பவும் எங்க வீட்ல யாரும் கத்தல. அவங்க 17 எடுத்ததும் சின்னவ எழுந்து மாடிக்குப் போயிட்டா. பத்து வயசுப் பொண்ணு, இங்கயே பொறந்தவ. கையில இருக்கிற ஆட்டம் எப்படி நழுவும்னு அவளுக்கு மனப்பாடமாத் தெரியுது. அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சுடா. நாம படிக்க வந்த காலத்துல இந்த ஊர்ப் பிள்ளைங்க தோல்வியை வெளியூர் சமாச்சாரம் மாதிரிதான் பேசுவாங்க, ஞாபகம் இருக்கா? அவங்களுக்கு அப்படித்தான் வாய்ச்சுது. 1962லேர்ந்து 2003 வரைக்கும் தோல்வி வெற்றியைத் தாண்டின வருஷமே கிடையாது. 1969லேர்ந்து 2001 வரைக்கும் எந்த வருஷமும் 9 வெற்றிக்குக் குறையல. இப்ப கான்ஃபரன்ஸ் பட்டம், அதாவது நாம ஆடற லீக்கோட பட்டம், வாங்கி 23 வருஷமாச்சு. நல்லா ஆடின டீமுக்குச் சீசன் முடிவுல கிடைக்கிற பவுல் கேமுக்கே 2016க்கு அப்புறம் போகல.

சரி, உன் முதல் குற்றச்சாட்டுக்கு வரேன். "சம்பள லீக்கான என்எஃப்எல்ல 11 வெற்றி, 27 தோல்வின்னு தோத்து, சீசன் நடுவுல துரத்தினவனா நமக்கு?" அந்த லீக்ல இருக்கிற கரோலினா பாந்தர்ஸ் டீம் அக்டோபர்ல அவரை அனுப்பிச்சது நிஜம், நான் மறுக்கல. ஆனா அதுக்கு முன்னால உள்ளதையும் பாரு. பிலடெல்பியாவுல டெம்பிள் யூனிவர்சிட்டி: முதல் வருஷம் 2 வெற்றி, 10 தோல்வி. ரெண்டாவது வருஷம் 6-6. மூணாவது வருஷம் 10-4. நாலாவது வருஷம் கான்ஃபரன்ஸ் பட்டம். அடுத்து டெக்சஸ்ல பேய்லர் யூனிவர்சிட்டி. பாலியல் வன்முறைப் புகார்களைப் பல்கலைக்கழகம் கையாண்ட விதத்தால பழைய கோச்சை நீக்கி, டீமே சிதறிக் கிடந்த இடம். அங்க முதல் வருஷம் 1-11. அடுத்த வருஷம் 7-6. அதுக்கடுத்த வருஷம் 11-3, பெரிய பவுல் கேம்கள்ல ஒண்ணான சுகர் பவுல். ரெண்டு இடத்துலயும் முதல் வருஷம் தரையைத் தொட்டிருக்கார், மூணாவது வருஷம் எழுந்து நின்னிருக்கார். பாந்தர்ஸ்ல அந்த மூணாவது வருஷம் நடுவுலேயே கதை முடிஞ்சுது, ஒத்துக்கறேன். ஆனா காலேஜ் பையன்களை வளர்க்கிற வேலை வேற, சம்பளக்காரங்களை வச்சு ஞாயித்துக்கிழமை ஜெயிக்கிற வேலை வேற.

ரெண்டாவது குற்றச்சாட்டுதான் என்னை உறுத்துது. "இவருக்கும் நெப்ராஸ்காவுக்கும் என்ன சம்பந்தம்? நம்மாளு ஒருத்தரும் கிடைக்கலையா?" மாப்ளே, நம்மாளைத்தான் 2017 டிசம்பர்ல கொண்டு வந்தோம். ஊர்ப் பையன் கலெக்டராகி அதே ஊருக்கு வந்தா சனம் எப்படி ரோட்டுக்கு வருமோ, அப்படித்தான் ஸ்காட் ஃப்ராஸ்ட் வந்தார். வுட் ரிவர்ங்கிற சின்ன ஊரு. அப்பா அம்மா ரெண்டு பேருமே கோச். அம்மா 1968 ஒலிம்பிக்ல வட்டு எறிஞ்சவங்க. 1997 தேசிய சாம்பியன் டீமோட குவாட்டர்பேக், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தறவர், இவர்தான். மிசூரிக்கு எதிரா இவர் வீசின பந்து ஒருத்தன் கால்ல பட்டு எழும்பி இன்னொருத்தன் கையில விழுந்த டச்டவுனை எத்தனை தடவை போட்டுப் போட்டுப் பார்த்திருப்போம்! கோச்சா சென்ட்ரல் ஃப்ளோரிடாவுல 13-0க்குப் போன சீசன் வேற. அவர் பேரைச் சொன்ன அன்னிக்கு நீ கோயம்புத்தூர்ல ஆபீஸ் பூரா ஸ்வீட் கொடுத்தே. அண்ணாச்சி "இனி பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல"ன்னார்.

என்ன ஆச்சு? 16 வெற்றி, 31 தோல்வி. ஒரே ஸ்கோர் வித்தியாசத்துல, அதாவது 8 புள்ளிக்குள்ள, முடிஞ்ச ஆட்டங்கள்ல 5-22. போன வருஷம் 9 தோல்வி, ஒண்ணுலகூட 10 புள்ளி வித்தியாசம் இல்ல. இந்த ஆகஸ்ட்ல டப்ளின்ல நார்த்வெஸ்டர்னோட 28-17ன்னு முன்னால இருக்கிறப்ப தேவையே இல்லாம ஆன்சைடு கிக், பந்தைக் கிட்டக்க உதைச்சு நாமளே திரும்பப் பிடிக்கப் பார்க்கிற சூதாட்டம். அப்புறம் செப்டம்பர்ல சொந்த ஸ்டேடியத்துல ஜார்ஜியா சதர்ன்கிட்ட 45-42. இந்த மைதானத்துல 35 புள்ளியோ அதுக்கு மேலயோ எடுத்த 214 ஆட்டத்துலயும் ஜெயிச்ச டீம், 215வதுல தோத்துது. மறுநாள் யூனிவர்சிட்டி விளையாட்டுத் துறைத் தலைவர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் அவரை அனுப்பிச்சுட்டார். அக்டோபர் 1 வரைக்கும் பொறுத்திருந்தா ஒப்பந்தத்தை முறிச்சதுக்குக் கொடுக்க வேண்டிய 150 லட்சம் டாலர் பாதியாகியிருக்கும். அந்த மூணு வாரம்கூடக் காத்திருக்க முடியல.

நீ ஃப்ராஸ்டைத் திட்டறே. எனக்குத் திட்ட வரல. அவர் தப்பு பண்ணலைன்னு சொல்ல வரல, அந்த ஆன்சைடு கிக்கை யாராலயும் நியாயப்படுத்த முடியாது. ஆனா இந்த மாநிலம் அவர்கிட்ட ஒரு கோச் செய்யற வேலையைக் கேட்கல. 1997ஐத் திரும்பக் கொண்டு வான்னு கேட்டுது. எந்த மனுஷனும் தூக்க முடியாத சுமையை, ஆசையா, அன்பா, ரோஜா மாலை மாதிரி அவர் கழுத்துல போட்டோம். தோத்தப்ப, மத்த கோச்சுகள்கிட்ட காட்டாத கோபத்தை நம்ம வீட்டுப் பையன்கிட்ட காட்டினோம். ரூல் வெளியாள்ங்கிறதுல எனக்கு ஒரு நிம்மதி இருக்கு. அவர்கிட்ட யாரும் பழைய நினைவைக் கேட்க மாட்டாங்க.

கேட்க மாட்டாங்கதானே? அதுதான் என் பயம். இந்தக் கடிதமே அதுக்காகத்தான்.

நம்ம பழைய கோச் டாம் ஆஸ்போர்ன் பேரை எடுத்தா நீ எழுந்து நிப்பே, நானும்தான். 25 வருஷம், 255 வெற்றி, 49 தோல்வி, 3 சாம்பியன் பட்டம். ஆனா அந்த முதல் பட்டம் எப்ப வந்துது? 1973ல கோச் ஆனார், 1994லதான் பட்டம். ஓக்லஹோமாகிட்ட முதல் அஞ்சு வருஷமும் தோத்தார். 1978 முடிஞ்சதும் கொலராடோ கூப்பிட்டப்ப ஏறக்குறையக் கிளம்பிட்டார். அவருக்கு முன்னால கோச்சா இருந்த பாப் டெவேனி 1970லயும் 1971லயும் பட்டம் வாங்கி வச்சிருந்ததால ஜனங்க இவரைச் சும்மா விடல. அப்பவும் காத்திருந்தாங்க. இன்னிக்கு அதே ஆஸ்போர்ன், அதே கணக்கோட நின்னா அஞ்சாவது வருஷம் நீயே அவரைப் போகச் சொல்லியிருப்பே. கோவிச்சுக்காதே, நிஜத்தைச் சொல்றேன்.

ஆஸ்போர்ன் போனதுக்கு அப்புறம் ரூல் ஆறாவது ஆள். ஃப்ராங்க் சோலிச் 58-19. 2003ல 9 வெற்றி எடுத்த கையோட அனுப்பிச்சாங்க. நெப்ராஸ்காவைச் சராசரிக்கு இறங்க விட மாட்டோம்னு காரணம் சொன்னாங்க. அடுத்த வருஷமே புது கோச் கலஹன்கிட்ட 5-6, 35 வருஷமா விடாம போன பவுல் கேமும் போச்சு. போ பெலினி ஏழு வருஷமும் 9 வெற்றிக்குக் குறையல. அவரையும் 2014ல அனுப்பிச்சாங்க. வாய் ரொம்ப மோசம்தான், அது வேற. அடுத்து மைக் ரைலி, 19-19. ஒவ்வொரு தடவையும் 9 போதாதுன்னு சொல்லி 6க்கும் 4க்கும் இறங்கியிருக்கோம். இப்ப 6 வந்தா தேங்காய் உடைக்கிற நிலைமை.

நிலமும் மாறிப் போச்சு, அதை யாரும் பேசறதில்ல. மொத்த மாநிலத்துலயும் 20 லட்சம் பேர்தான். உள்ளூர்ல கிடைக்கிற பையன்கள் எந்தக் காலத்துலயும் கொஞ்சம். அந்தக் காலத்துல ஸ்காலர்ஷிப் இல்லாம வந்து சேர்ந்த பண்ணை வீட்டுப் பையன்களை அஞ்சு வருஷம் வெயிட் ரூம்ல ஏத்தி ஏத்தி லைன்மேன், முன்வரிசையில முட்டி நிக்கிற ஆள், ஆக்கினாங்க, மீதியை டெக்சஸ்லேர்ந்தும் கலிபோர்னியாவிலேர்ந்தும் கொண்டு வந்தாங்க. 2011ல பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு மாறினதும் டெக்சஸ்ல ஆடறது நின்னுது, அந்த வாசலும் பாதி மூடிச்சு. இப்ப ஆட்டக்காரங்க டீம் மாறப் பேர் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். பிடிக்கலைன்னா பையன் அடுத்த மாசம் வேற ஊர். போன வருஷத்திலேர்ந்து பேர், முகத்தை வச்சு ஆட்டக்காரங்க காசு வாங்கலாம்னு வேற ஆயிடுச்சு. அஞ்சு வருஷம் பொறுமையா வளர்க்க எவன் இருப்பான்? ரூலே பென் ஸ்டேட்ல ஸ்காலர்ஷிப் இல்லாம போய்ச் சேர்ந்து ஆடினவர்ங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். அந்தப் பையன்கள் படற பாடு அவருக்குத் தெரியும்.

எதிர்வீட்டுத் தாத்தாவை நினைவிருக்கா, நீ வந்தப்ப சோளம் கொண்டு வந்து கொடுத்தாரே? அவங்க அப்பா எடுத்த சீசன் டிக்கெட் இன்னும் அவர்கிட்டதான். 1962 நவம்பர்லேர்ந்து ஒரு ஆட்டம்கூட விடாம டிக்கெட் வித்துத் தீர்ந்திருக்கு, 85,000க்கு மேல ஜனம். இந்தக் கணக்கு அறுந்துடக் கூடாதுன்னு இப்பல்லாம் மிச்ச டிக்கெட்டை நன்கொடைக்காரங்க வாங்க வேண்டியிருக்கு, அதைச் சொல்றப்ப அவர் குரலே இறங்கிடுச்சு. புது கோச்கிட்ட என்ன எதிர்பார்க்கறீங்கன்னு நேத்து கேட்டேன். பட்டம், கோப்பைன்னெல்லாம் சொல்லல. "நவம்பர்ல ஆடற ஆட்டத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கணும்"னார். அவ்வளவுதான்.

நானும் அதைத்தான் எதிர்பார்க்கிறேன், மாப்ளே. எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கோன்னு உன்கிட்ட கேட்கல. இந்த ஜனம் எதிர்பார்க்கிறதை நிறுத்தினா அந்த ஸ்டேடியம் காலியாயிடும், அப்புறம் எந்தக் கோச் வந்தும் பிரயோஜனம் இல்ல. ஆனா எதைப் பார்த்து அளக்கிறோம்னு ஒரு ஒழுங்கு வேணும். முதல் வருஷம் நான் ஸ்கோர்போர்டைப் பார்க்கப் போறதில்ல. கடைசி அஞ்சு நிமிஷத்துல டீம் என்ன பண்ணுதுன்னு பார்ப்பேன். கிக் அடிக்கிற, கிக் வாங்குற ஆட்கள் உருப்படியா நிக்கிறாங்களான்னு பார்ப்பேன். குவாட்டர்பேக் முன்னால நிக்கிற அஞ்சு பேர் ரெண்டு நொடி தாங்கறாங்களான்னு பார்ப்பேன். ரெண்டாவது வருஷம் பவுல் கேம் கேட்பேன், உரிமையோட கேட்பேன். மூணாவது வருஷம் வரலைன்னா உன்னோட சேர்ந்து நானும் கத்தறேன், சத்தியம்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. அடுத்த ஆகஸ்ட்ல மினசோட்டாகிட்ட முதல் ஆட்டம், அவங்க ஊர்ல. தோத்தாலும் தோப்போம். அன்னிக்கு ராத்திரி குரூப்ல "இவனும் வேஸ்ட்"னு போடாதே. உன் மெசேஜை என் பெரியவன் படிக்கிறான்டா. கோயம்புத்தூர் மாமா சொன்னா அதுதான் தீர்ப்புன்னு நினைக்கிறான். ஃப்ராஸ்ட் போன அன்னிக்கு அவன் என்னைக் கேட்டான், "நம்ம ஊர்ல பொறந்தவரையே இப்படி அனுப்பினா, யார்தான்பா இங்க வருவாங்க?" எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. இப்ப ஒருத்தர் வந்திருக்கார். பத்து வெற்றி எடுக்கிற டீமாப் பார்த்து வேற எங்கேயாவது போயிருக்கலாம், 4-8ல முடிச்ச டீமைத் தேடி வந்திருக்கார்.

ஃப்ராஸ்டுக்கு அப்புறம் தற்காலிக கோச்சா இருந்த மிக்கி ஜோசப்பையும் மறந்துடாதே. செப்டம்பர்ல ஒரே ராத்திரியில டீம் அவர் கையில வந்துது. 9 ஆட்டம், 3 வெற்றிதான், ஆனா ஆறு தோல்விக்கு அப்புறமும் அயோவா மைதானத்துல போய் நின்னு அடிச்சாங்களே, அந்தப் பையன்கள் கைவிடலைங்கிறதுக்கு வேற அத்தாட்சி வேணுமா?

நாளைக்கு ரூலோட அறிமுகக் கூட்டம். ஆபீஸ்ல யாரும் வேலை பார்க்க மாட்டாங்க, நானும்தான். முடிஞ்சதும் போன் பண்றேன், உனக்கு நடுராத்திரி ஆகியிருக்கும், எடு.

மொட்டை பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்களாமே, எந்த ஊர்? தஞ்சாவூர்க்காரன் இன்னும் வீடு கட்டி முடிக்கலையா? பலூன் கதையை இந்தத் தடவை அவன்கிட்ட எடுக்காதே, போன தடவையே மூணு மாசம் பேசல.

அடுத்த வருஷம் செப்டம்பர் 16, நார்தர்ன் இல்லினாய், உள்ளூர்ல முதல் ஆட்டம். தாத்தா ரெண்டு சீட் தரேன்னு சொல்லியிருக்கார். லீவு இப்பவே போட்டு வை. ஃப்ளைட் டிக்கெட் விலை ஜூன்ல ஏறிடும், அதுக்கு முன்னால எடு. தங்கச்சியையும் குழந்தைங்களையும் கூட்டிட்டு வந்தா இன்னும் சந்தோஷம். வரப்ப அம்மா போடற எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில், இறுக்கமா மூடி.

அன்புடன்,
உன் லிங்கன் மாப்ளே