கழற்றி மாட்டக்கூடிய ஒரு பெட்ரோல் வால்வு கொடுங்கள்: சிறிய எஞ்சின் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறிய பெட்ரோல் எஞ்சின் தயாரிக்கும் நிறுவனங்களில் வடிவமைப்புப் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், புல் வெட்டும் மெஷின் என்று சிறிய எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவதுதான் என் தொழில். உங்களுக்கு எஞ்சின் பாடம் நடத்த இந்தக் கடிதம் எழுதவில்லை. டேங்க் மேலே, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் கார்புரேட்டர் கீழே, பெட்ரோல் தன் எடையிலேயே இறங்குகிறது. எஞ்சின் நின்றாலும் டேங்கில் இருக்கும் பெட்ரோல் இறங்கத்தான் பார்க்கும். அதைத் தடுக்க இரண்டே காவல்: கார்புரேட்டர் பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டோடு ஏறி இறங்கி வழியை அடைக்கும் நீடில் ஒன்று, நாங்கள் பெட்ரோல் காக் என்று சொல்லும் வால்வு இன்னொன்று. இந்த இரண்டாவது காவலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒருவர் தண்ணீர் பம்ப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு மாதம் சும்மா வைத்திருந்தாராம். எடுத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் கயிறு அசையவில்லை. "எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு அண்ணே" என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்தேன். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் பீய்ச்சியடித்தது. சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பியிருந்தால் பிஸ்டன் எப்படி மேலே ஏறும்? அடுத்து ஆயில் மூடியைத் திறந்தேன். ஆயில் அந்தத் துவாரத்தின் விளிம்போடு நிற்க வேண்டும். மூடியை முழுதாகக் கழற்றும் முன்பே அது தானாக வழிய ஆரம்பித்துவிட்டது. விரலில் தொட்டுப் பார்த்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. 600 மி.லி. ஆயில் பிடிக்கும் எஞ்சின் அது. வடித்துப் பார்த்தபோது ஒரு லிட்டருக்கு மேல் வந்தது.

"பெட்ரோலை மூடாமல் வைத்துவிட்டீர்களா?" என்று கேட்டேன். அவர் முகம் வாடிப்போனது. "மூடிட்டுத்தான் வச்சேன் அண்ணே, நல்லா ஞாபகம் இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். லீவரைப் பார்த்தேன். ஆஃப் பக்கம்தான் இருந்தது. அந்த மனிதரைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது.

அவர் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார். செய்யாதது வால்வு. அந்த மாடலில் வால்வு தனியாக இல்லை, கார்புரேட்டர் உடம்போடு சேர்த்தே வார்த்திருக்கிறீர்கள். உள்ளே ஓட்டைகள் போட்ட ஒரு ரப்பர் வில்லை இருக்கிறது. லீவரைத் திருப்பினால் அந்த வில்லைமேல் ஒரு தகடு சுழன்று வழியை அடைக்கும். புதிதாக இருக்கும்போது நன்றாகத்தான் வேலை செய்கிறது. பெட்ரோலில் ஊறி, எஞ்சின் சூட்டில் காய்ந்து, மறுபடி ஊறி, நாளாக ஆக அந்த ரப்பர் இறுகிவிடுகிறது. அப்புறம் லீவர் ஆஃபில் இருந்தாலும் பெட்ரோல் கசியும். கூடவே நீடில் முனையில் ஒரு தூசி மாட்டினால் போதும். ஃப்ளோட் அறை நிரம்பி, மேலேறி, சிலிண்டர் வாயிலில் இருக்கும் இன்டேக் வால்வு திறந்திருந்தால் உள்ளே போய், பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக ஆயிலில் கலக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பொறுக்காத விஷயம் வேறு. இறுகிப்போன அந்த வில்லை என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் மேல் தகட்டை ரிவெட் அடித்து மூடியிருக்கிறீர்கள். திருகு போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் திறந்திருப்பேன். ரிவெட்டைத் துளைபோட்டு எடுத்தாலும் உள்ளே போட வில்லை தனியாகக் கிடைக்காது. உங்கள் உதிரிபாகப் பட்டியலில் அதற்கு எண்ணே இல்லை. 'கார்புரேட்டர், முழுமையாக' என்று ஒரே வரிதான் இருக்கிறது. நகம் அளவு ரப்பருக்காக ஜெட், ஃப்ளோட், த்ராட்டில் எல்லாம் நல்ல நிலையில் இருக்கும் ஒரு கார்புரேட்டரைக் குப்பையில் போடச் சொல்கிறீர்கள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் வார்த்தை வராமல் நின்றேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: நீங்கள் செய்யும் ஒவ்வொரு சிறிய எஞ்சினிலும், டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில், கழற்றி மாட்டக்கூடிய ஒரு பெட்ரோல் வால்வை நீங்களே பொருத்தித் தாருங்கள்.

அவருடைய பம்புக்கு நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நீடிலையும் அது உட்காரும் இடத்தையும் சுத்தம் செய்தேன், ஆயிலை மாற்றினேன். பிறகு டியூபின் நடுவில் தனி வால்வு ஒன்றைப் பொருத்தப் பார்த்தேன். எழுதும்போது சின்ன வேலையாகத்தான் தெரிகிறது. டேங்கை வடித்துவிட்டு, டியூபை வெட்டி, அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்கும்படி வால்வைச் செருகி, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டால் முடிந்தது. ஆனால் அந்த எஞ்சினில் டியூப் இருப்பதே நான்கு விரல் நீளம். அதிலும் ஒரு வளைவு. பக்கத்திலேயே சைலன்சர்.

முதலில் கொஞ்சம் நீளமான டியூப் போட்டுப் பார்த்தேன். வால்வுக்கு இடம் கிடைத்தது, ஆனால் டியூப் நடுவில் மேடாக எழும்பி நின்றது. டேங்க் நிறைய இருக்கும்வரை எஞ்சின் ஓடியது. பாதிக்குக் கீழே இறங்கியதும் அந்த மேட்டில் ஆவி தங்கி, பெட்ரோல் போதாமல் இரைத்து இரைத்து நின்றுவிட்டது. வால்வைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். லீவர் ஃபேன் கவரில் இடித்துப் பாதிதான் திறந்தது. கடைசியில் ஒரு தகட்டை வெட்டி வளைத்து, டேங்க் போல்ட்டிலேயே ஒரு பிடி செய்து, வால்வை நேர் நிலையில் நிறுத்தி, டியூப் மேலிருந்து கீழாக ஒரே சரிவாக வரும்படி அமைத்தேன். மதியம் முழுக்க அதற்கே போனது. வால்வுக்கும் டியூபுக்கும் ஆன நேரம் கால் மணிதான். மீதியெல்லாம் நீங்கள் விடாத இடத்தை நான் உண்டாக்கிய நேரம்.

எனக்காவது கை பழகியிருக்கிறது. பழகாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சொட்டுநீர்க் குழாய்க்கான பிளாஸ்டிக் வால்வைப் போடுகிறார்கள். மீன் தொட்டிக் காற்றுக் குழாயின் வால்வைப் போடுகிறார்கள். பெட்ரோல் பட்டு அது உப்பி, மெத்தென்று ஆகி, ஒருநாள் விரிசல் விடும். கிளாம்புக்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கி விடுகிறார்கள். அது டியூபைக் கத்தி மாதிரி அறுக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைத் திருகில் சுற்றுகிறார்கள். அதில் ஒரு இழை பிய்ந்து உள்ளே போனால் ஜெட்டை அடைத்துவிடும். மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையே. இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கசிகிற பெட்ரோலை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் சரியான பயம்.

பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தரையாக ஊர்ந்து, எங்கே அடுப்போ ஹீட்டரோ எரிகிறதோ அங்கே போய்ச் சேரும். பூட்டிய அறையில் இரவெல்லாம் சொட்டும் ஒரு எஞ்சின் பக்கத்தில் மனிதர்கள் தூங்குகிறார்கள். பெட்ரோல் கலந்த ஆயிலோடு தெரியாமல் எஞ்சினை ஓட்டினால் அது வேறு நஷ்டம். உங்கள் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டனை கிரேங்க் தண்டோடு இணைக்கும் அலுமினியக் கனெக்டிங் ராடு, பேரிங் இல்லாமல் நேராக கிரேங்கில்தான் சுற்றுகிறது. நடுவில் இருப்பது ஆயில் படலம் மட்டும். அது நீர்த்துப்போனால் ராடு பிடித்து, முறிந்து, பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்படி உடைந்த பிளாக்குகள் என் பட்டறை மூலையில் கிடக்கின்றன.

உங்கள் கையேட்டை நான் ஒழுங்காகப் படித்திருக்கிறேன். 'வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு எடுத்து வையுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான யோசனை. கார்புரேட்டரில் பெட்ரோல் தங்காது, பிசின் பிடிக்காது, வண்டியில் ஏற்றிப் போகும்போது குலுங்கி வழியாது. இந்த யோசனை முழுக்க ஒரு வால்வை நம்பி நிற்கிறது. பிளக்கை மாற்றலாம், ஃபில்டரை மாற்றலாம், ஸ்டார்டர் கயிற்றைக்கூட மாற்றலாம். எல்லாவற்றுக்கும் ஆதாரமான அந்த வால்வை மட்டும் மாற்ற முடியாது. சில புல் வெட்டும் மெஷின்களில் வால்வே கிடையாது. அந்தக் கையேட்டிலும் டேங்கைக் காலி செய்து வையுங்கள் என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கிறது.

பழைய எஞ்சின்களில் நீங்களே இதை அழகாகச் செய்திருந்தீர்கள். டேங்க் அடியில் வால்வு, அதற்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வளையம். வால்வை மூடி, வளையத்தைத் தளர்த்தினால் கிண்ணம் கையோடு வந்துவிடும். அடியில் தண்ணீர் நிற்கிறதா, துரு இருக்கிறதா என்று வெளியிலிருந்தே தெரியும். கொட்டித் துடைத்து மறுபடி மாட்டிவிடலாம். வால்வே பழுதானாலும் ஒரு ஸ்பேனரில் டேங்கிலிருந்து கழன்றுவிடும். அப்படிப்பட்ட ஒரு எஞ்சினில்தான் நான் தொழில் கற்றேன். கற்றுக்கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த வால்வு இன்றும் சொட்டாமல் நிற்கிறது.

நீங்கள் சொல்லக்கூடிய பதிலையும் யோசித்துப் பார்த்தேன். இணைப்பு ஒன்று கூடினால் கசிய ஒரு இடம் கூடும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் வெளியே தெரியும் இணைப்பு கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். கார்புரேட்டருக்குள் கசிவது கயிறு சிக்கும்வரை யாருக்கும் தெரியாது. டியூப் வழியாக ஆவி ஊடுருவக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 2008இல் கொண்டுவந்த விதியைச் சொல்வீர்கள். நல்ல விதி. அதற்குத் தகுந்த டியூபையும் வால்வையும் தேர்ந்தெடுக்க உங்களால் முடியும். பட்டறையில் இருக்கும் என்னிடம் அந்த வேலையை விடுவதைவிட நீங்கள் செய்வதுதானே முறை? செலவு என்பீர்கள். தனி வால்வுக்கு ஆகும் செலவையும், ஒரு முழுக் கார்புரேட்டருக்கு வாடிக்கையாளர் கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வால்வோடு விஷயம் நிற்கவில்லை என்பதால்தான் கோபம் வருகிறது. சாதாரண ஸ்பேனருக்குப் பிடிக்காத தலை வைத்த திருகு, ஒட்டி மூடிய ஏர் ஃபில்டர் பெட்டி, பிரித்தால் உடையும் பிளாஸ்டிக் கொக்கி என்று ஒவ்வொரு புது மாடலிலும் ஒரு கதவு அடைபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், செல்போன் எல்லாம் அதன் பட்டியலில் இருக்கின்றன. சிறிய பெட்ரோல் எஞ்சின் அதில் இல்லை. சட்டம் வந்து கட்டாயப்படுத்தினால்தான் செய்வோம் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் எஞ்சினைத் திறந்து பார்க்கும் உரிமைகூட இல்லையென்றால், அதை அவன் பொருள் என்று எப்படிச் சொல்வது?

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன். கேட்பது சிறியதுதான். டேங்க் அடியில் திருகு வைத்த ஒரு வாய், அதில் ஒரே ஸ்பேனரில் கழலும் வால்வு. 10 மி.மீ. திருகு பல எஞ்சின்களில் இருக்கிறது, ஆனால் மரை இடைவெளி ஒன்றில் 1 மி.மீ., இன்னொன்றில் 1.25 மி.மீ. எது உங்கள் அளவு என்று வால்வின்மேலேயே பொறித்துவிடுங்கள். மரை மாறிய வால்வை முறுக்கி டேங்கையே பாழாக்கிக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். வால்வின் உள்துளை டியூபின் உள்துளையைவிடச் சிறியதாக இருக்க வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ரப்பர் போடுங்கள், அந்த ரப்பரைத் தனியாகவும் விற்பனைக்குக் கொடுங்கள். லீவர் கைக்கு எட்டும் பக்கம் இருக்கட்டும், சைலன்சருக்குப் பின்னால் வேண்டாம். புதிய மாடலில் இதைச் செய்யத் தாமதமாகும் என்றால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களுக்குப் பொருந்தும்படி வால்வு, சரியான நீளத்துக்கு டியூப், இரண்டு கிளாம்ப், ஒரு பிடித் தகடு, எப்படி மாட்டுவது என்று ஒரு பக்கப் படம், இவ்வளவையும் ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். அதுவே பெரிய உதவி.

கழற்றி மாட்டக்கூடிய ஒரு வால்வு. மறுபடியும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பம்புக்காரர் இப்போது எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாராம். ரிவெட்டை உடைத்து எடுத்த ரப்பர் வில்லையை ஒரு சிறு டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது கேட்டால் என் செலவிலேயே அனுப்பி வைக்கிறேன். விரலில் வைத்து வளைத்துப் பாருங்கள்.

பணிவுடன்,
சிறிய எஞ்சின் மெக்கானிக் ஒருவர்