தலைசுற்றலுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே சமநிலைப் பயிற்சி வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைசுற்றலால் அவதிப்பட்ட ஒரு மூதாட்டியின் மகள்

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: தலைசுற்றல், தள்ளாட்டம் உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சை வசதி செய்து தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 67. ஒரு நாள் விடியற்காலையில் படுக்கையில் புரண்டவர், வீடே சுழல்கிறது என்று அலறிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. அப்புறம் படுத்தால், எழுந்தால், அண்ணாந்து பார்த்தால் அதே சுழற்சி. நாங்கள் போன மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஏழு மாதம் மாத்திரையை மாற்றி மாற்றிச் சாப்பிட்டார். அவரைப் படுக்க வைத்து, தலையைத் திருப்பி, கண் எப்படி அசைகிறது என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

எட்டாவது மாதம் ஒரு பிசியோதெரபிஸ்ட் அதைச் செய்தார். தலையை 45 டிகிரி பக்கவாட்டில் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார். சில நொடிகளில் அம்மாவின் கண்கள் துடிக்கத் தொடங்கின. வலது காதுதான் காரணம் என்றார். அங்கேயே தலையை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி உட்கார வைத்தார். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அடுத்த வாரம் இன்னொரு தடவை; சுழற்சி போய்விட்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. உள்காதில் நுண்ணிய கால்சியம் துகள்கள் உண்டு. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால், தலை அசையும்போதெல்லாம் குழாயிலுள்ள திரவத்தைக் கலக்கி, உடம்பு சுழல்வதாக மூளைக்குப் பொய்த் தகவல் அனுப்பும். துகளை வந்த வழியே திருப்பி அனுப்பினால் போதும். மாத்திரையால் அதை நகர்த்த முடியாது. கண்டுபிடிக்கும் பரிசோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். துகளை வெளியேற்றும் முறையை ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992-இல் விரிவாக வெளியிட்டார். தேவைப்படுவது ஒரு கட்டிலும் பழகிய இரண்டு கைகளும். கட்டில் எல்லா மருத்துவமனையிலும் இருக்கிறது, ஐயா.

ஆனால் சுழற்சி நின்றபிறகும் அம்மா சரியாகவில்லை. இடையில் குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. அந்தப் பயத்தில் கழுத்தைத் திருப்பாமல், சுவரைத் தடவித் தடவி நடந்தார். அசையாத தலையும் பயன்படுத்தாத காலும் சேர்ந்து தள்ளாட்டத்தை வளர்த்துவிட்டன. அதற்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டது: சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் ஆட்டுவது, கால்களைச் சேர்த்து வைத்து நிற்பது, பிறகு கண்ணை மூடி நிற்பது, பஞ்சு மெத்தை மேல் நிற்பது. நாம் விழாமல் நிற்பது காது, கண், பாதம் மூன்றின் கூட்டுவேலை. ஒன்று பழுதானால் மற்றவற்றைக் கொண்டு மூளை சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். உள்காது நரம்பில் அழற்சி வந்து ஒரு காதின் சமநிலைத் திறன் குறைந்தவர்களுக்கும் இதே வழிதான். பிரிட்டனில் காத்தார்ன், கூக்சி என்ற இரு மருத்துவர்கள் 1940-களிலேயே இப்படிப் பயிற்சி கொடுத்தார்கள்.

மாத்திரைக்கு நான் எதிரி இல்லை. வாந்தியோடு சுழலும் முதல் சில நாட்களுக்கு அது வேண்டும். ஆனால் சுழற்சியை அமுக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை கற்றுக்கொள்வது தாமதமாகும், தூக்கக் கலக்கமும் வரும். வயதானவர் விழுவதற்கு அது போதாதா? உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

எனவே, அரசு தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு பிசியோதெரபிஸ்டுக்காவது இந்தப் பயிற்சி அளித்து, வாரத்தில் ஒரு நாளையாவது சமநிலைச் சிகிச்சைக்கு ஒதுக்க வேண்டுகிறேன். காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் பொது மருத்துவப் பிரிவிலும் தலைசுற்றல் என்று வருபவரின் சீட்டில், படுக்க வைத்துப் பரிசோதித்ததா என்று குறிக்க ஓர் இடம் இருந்தால் நல்லது. வீட்டில் செய்யும் பயிற்சிகளைப் படத்துடன் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். அம்மாவுக்கு வாயால் சொன்னதில் பாதி வாசலிலேயே மறந்துபோனது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எல்லாத் தலைசுற்றலும் காதிலிருந்து வருவதில்லை. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலவீனம் சேர்ந்து வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசரச் சிகிச்சை வேண்டும். கழுத்தில் கோளாறு உள்ளவரின் தலையை மனம்போனபடி திருப்பவும் கூடாது. பிரித்தறியத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

அம்மாவின் ஏழு மாத மருந்துச் சீட்டுகளின் நகல்களை இணைத்துள்ளேன். யாரையும் குறை சொல்வது நோக்கம் இல்லை என்பதால் மருத்துவமனையின் பெயரையும் மருத்துவர்களின் பெயர்களையும் மறைத்திருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்