பிரவுன் சுவிட்ச் கீபோர்டுக்கு ரெட் அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான சுவிட்ச், அதிலும் ஒன்று பழுது. மாற்றித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தில் 87 கீ உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி சுவிட்ச் இருக்கும் வகை) ஒன்று வாங்கினேன். ரசீதிலும் பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலும் 'பிரவுன்' என்றுதான் இருக்கிறது. கீயின் மேல்மூடியான கீகேப்பைக் கழற்றினால் உள்ளே சுவிட்சின் தண்டு சிவப்பு. எல்லா கீயிலும் அப்படியே. படங்களை இணைத்துள்ளேன்.

போனில் பேசிய உங்கள் ஊழியர், "கலர்தானே சார் வேற, குவாலிட்டி ஒண்ணுதான்" என்றார். கீபோர்டு விற்கும் இடத்தில் இப்படிச் சொல்லலாமா? சுவிட்ச் தயாரிக்கும் செரி கம்பெனியின் எம்எக்ஸ் வரிசையில் நிறம் என்பது சுவிட்சின் குணத்தைச் சொல்வது. மற்ற கம்பெனிகளும் பெரும்பாலும் அதே வழக்கத்தைத்தான் வைத்திருக்கின்றன. ரெட் தங்குதடையில்லாமல் நேராக இறங்கும். செரி கணக்கில் 45 சென்டிநியூட்டன் அழுத்தம் போதும். பிரவுனுக்கு 55 வேண்டும், இறங்கும் வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். இரண்டிலும் எழுத்து பதிவாவது 2 மில்லிமீட்டர் ஆழத்தில், அடிவரை போனால் 4. அந்த மேடு இருப்பதால்தான் அடிவரை குத்தாமலே எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிகிறது. நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவனுக்கு அது பெரிய விஷயம். புளூவிலும் மேடு உண்டு, ஆனால் அதன் டிக் டிக் சத்தத்துக்கு ராத்திரியில் வீட்டில் யாரும் தூங்க முடியாது. கேம் ஆடுகிறவர்கள் ரெட்டை விரும்பி வாங்குவார்கள், அது அவர்கள் பாடு.

அடுத்தது பழுது. நான் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அடிக்கிறேன். அதில் 'ட' இருப்பது ஆங்கில ஓ கீயில். அந்த கீயை ஒரு முறை அழுத்தினால் சில சமயம் இரண்டு முறை பதிவாகிறது. தமிழ்99இல் ஒரே மெய்யெழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். ஆக, 'படம்' என்று அடித்தால் 'பட்டம்' என்று வருகிறது, 'பாடு' என்றால் 'பாட்டு'. எல்லாமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் கண்டுகொள்வதில்லை.

இதைச் சொன்னதும், என் தமிழ் மென்பொருளில்தான் கோளாறு என்று உங்களிடமிருந்து பதில் வந்தது. சரி, சோதித்தே பார்க்கலாம் என்று அந்தச் சுவிட்சைப் பிடுங்கி 'க' இருக்கும் இடத்தில் போட்டேன். இப்போது 'பகம்' அடித்தால் 'பக்கம்' வருகிறது, 'ட' ஒழுங்காக விழுகிறது. கோளாறு சுவிட்சோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது. வீடியோவும் அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம் இன்னொரு யோசனை சொன்னீர்கள்: கழற்றி மாட்டும் வசதி இருக்கிறதே, பிரவுன் சுவிட்சுகளைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், 10 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று. நீங்கள் தவறாக அனுப்பியதற்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? போதாக்குறைக்கு நீங்கள் காட்டியது ஐந்து கால் சுவிட்ச். இந்த போர்டில் மூன்று காலுக்குத்தான் துளை இருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சிலும் கூடுதலாக இருக்கும் இரண்டு வீதம் 174 பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிக்கொண்டு உட்காரச் சொல்கிறீர்களா?

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் சொல்கின்றன. எனவே பிரவுன் சுவிட்ச் உள்ள கீபோர்டை அனுப்பிவிட்டு இதை எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இரண்டில் எதுவானாலும் கூரியர் செலவு உங்களுடையது. கூப்பன் வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், படங்கள், வீடியோ