நான்கு மொழிகளையும் அளக்கும் முன்

சிங்கப்பூர்

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகும் நீ கணினியை விடாதது பெரிய மகிழ்ச்சி. நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வரும் ஒரே அறிவிப்பின் கணினிக் கோப்பைச் சுருக்கி, எந்த மொழி சிக்கலானது என்று அளக்கும் யோசனை நல்லதுதான். ஆனால் தமிழ்க் கோப்பு பெரிதாக வந்ததை வைத்துத் தமிழ் சிக்கலானது என்று முடிவு கட்டாதே. அது பெரும்பாலும் குறியேற்றத்தின், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையின், வேலை.

யூடிஎஃப்-8 என்னும் குறியேற்றத்தில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கி' என்றால் ககரமும் இகரக்குறியும் சேர்ந்து 6 பைட். ஜிஸிப் என்னும் சுருக்க நிரல், மீண்டும் வரும் தொடர்களைத் தேடிப் பின்னோக்கிப் பார்ப்பது 32 கிலோபைட் மட்டும். ஆங்கிலத்துக்கு அது ஏறத்தாழ 32,000 எழுத்து, தமிழுக்கு 11,000 குறிதான். அதற்கும் முன்னால் வந்த சொல் மீண்டும் வந்தால் ஜிஸிப்புக்கு அது புதுச்சொல். உலக எழுத்துகளுக்கான பொது அட்டவணையான யூனிகோடில் தமிழுக்கான இடங்கள் 128 என்பதால் அட்டவணை போட்டு ஒவ்வொன்றையும் ஒரே பைட்டாக்கிவிடலாம். அதற்கு முன், ஒரே எழுத்தின் வேறுவேறு குறிவடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி மாற்றம் கட்டாயம். ஒகரக்குறியை ஒரே குறியாகவும், எகரக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒரே 'கொ', நிரலுக்கு வேறுவேறு.

சீன எழுத்துகள் ஆயிரக்கணக்கானவை. ஒரு பைட்டில் அடங்கா. ஆகவே மொழிக்கு மொழி கோப்பளவை ஒப்பிடாமல், 1998இல் கணினி மொழியியலாளர் பேட்ரிக் ஜூவோலா காட்டிய வழியில் ஒவ்வொரு மொழியையும் அதனோடே ஒப்பிடு. ஒவ்வொரு தனிச்சொல்லுக்கும் பதிலாக ஒரு தற்செயல் சரம், அதாவது பொருளற்ற குறித்தொடர், கொடு. அவர் எண்களைக் கொடுத்தார். நான் அந்தச் சொல்லின் நீளமே உள்ள எழுத்துச்சரத்தை விரும்புவேன். ஒரு சொல்லுக்கு எங்கும் ஒரே சரம். இரு சொற்களுக்கு ஒரே சரம் விழக் கூடாது. இப்போது 'வீட்டில்', 'வீட்டிலிருந்து', 'வீட்டுக்கு' மூன்றுக்கும் உறவு அறுந்துவிடும். இதைச் சுருக்கி, வரும் அளவை மூலத்தின் சுருக்க அளவால் வகு. இப்படிச் செய்தால் பொதுவாக எந்த மொழியிலும் சுருக்கிய கோப்பு கொஞ்சம் பெரிதாகும். உருபும் விகுதியும் மிகுந்த மொழியில் கூடுதலாகப் பெரிதாகும். சரங்களை மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டிச் சராசரி எடு.

தமிழில் பெரிய தொல்லை இடைவெளி. 'வந்துகொண்டிருக்கிறார்' என்று ஒருவர் சேர்த்தும் இன்னொருவர் பிரித்தும் எழுதுவார். விகிதம் உடனே நகரும். ஒரு வழக்கைத் தேர்ந்து கோப்பு முழுவதையும் அதற்கே மாற்று. மலாயின் 'ஓராங்-ஓராங்' (மக்கள்) ஒரு சொல்லா இரண்டா என்பதையும் முன்பே முடிவுசெய்.

ஒரு அறிவிப்பு போதாது. குறும்பனுவலில் பெரும்பாலான சொற்கள் ஒரு முறைதான் வரும். விகிதம் ஆட்டம் காணும். ஒரே துறை அறிவிப்புகளைச் சேர்த்து நீளமாக்கு. மொத்தச் சொற்களில் தனிச்சொற்களின் பங்கான தனிச்சொல் விகிதமும் பார்ப்பதானால், 500 சொல் சாளரத்தை நகர்த்திக்கொண்டே எடு. சாளரமில்லாமல் எடுத்தால் பனுவல் நீள நீள அந்த விகிதம் தானாகக் குறையும்.

முதலில் தமிழ், மலாய் விகிதங்களை மட்டும் அனுப்பு. சொற்களுக்கு இடையே இடைவெளி விடாத சீனத்துக்குச் சொற்பிரிப்பு முடியட்டும்.

அன்புடன்,
செல்வம்